கோல்ட் கால் பயிற்சி வகுப்பு: எதிர்முனையில் ஒரு கோபக்கார முதலாளி

விற்பனைப் பயிற்சி என்றாலே எனக்கு அலுப்புத்தான். யாராவது கோட்டு போட்டு வந்து தன்னம்பிக்கையைப் பற்றி அரை நாள் பேசுவார், கைதட்டச் சொல்வார், மதியம் பிரியாணி போடுவார்கள். திங்கட்கிழமை போனை எடுத்தால் எல்லாம் பழையபடிதான். அதனால் கோவை காந்திபுரத்தில் வார இறுதிகளில் நடக்கும் இந்தக் கோல்ட் கால், அதாவது முன்பின் தெரியாதவரைப் போனில் கூப்பிட்டு விற்கும் வகுப்புக்கு என் குழுவை அலுவலகம் அனுப்பியபோது, நானும் கூடவே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நாங்கள் விற்பது ஏர் கம்ப்ரஸர் உதிரி பாகங்களும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களும். கணபதியில் உள்ள பவுண்டரிகள், குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையின் பட்டறைகள், பல்லடம், சோமனூர் பக்கத்தில் அழுத்தக் காற்றால் நெய்யும் ஏர்ஜெட் தறிக்கூடங்கள் ஆகியவற்றை முன்பின் அறிமுகம் இல்லாமல் கூப்பிட வேண்டும். முதலில் எடுப்பவர் பெரும்பாலும் வாட்ச்மேன் அல்லது அலுவலகப் பெண். "முதலாளி இல்லை, அப்புறம் கூப்பிடுங்கள்" என்று இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டுவதற்குத்தான் எங்களுக்குப் பயிற்சி வேண்டியிருந்தது.

வகுப்பில் என்னை அசத்தியது அவர்கள் பழக்கும் விதம். வழக்கமான ரோல் பிளேயில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடிப்பார்கள். போனில் முகம் ஏது? இங்கே பயிற்சியாளர் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அங்கே இன்னொரு போனில் கிரைண்டிங் மிஷின் சத்தத்தை ஓடவிட்டு, பட்டறை முதலாளியாகப் பேசுகிறார். "யார் பேசுகிறீர்கள்? உங்களுக்கு யார் இந்த நம்பரைக் கொடுத்தது?" என்று எரிந்து விழுகிறார். பாதியில் "ஏய், அந்த மோட்டாரை நிறுத்து" என்று யாரையோ அதட்டுகிறார். சில நேரம் ஒன்றுமே பேசாமல் இருந்துவிட்டு, சட்டென்று வைத்துவிடுகிறார். முதல் நாள் எங்கள் குழுவில் இளையவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

உடனே பதிவைப் போட்டுக் காட்டுகிறார்கள். முழுவதையும் அல்ல, முதல் 20 விநாடியை மட்டும். அந்தச் சிறிய துண்டில் எத்தனை "வந்து", எத்தனை "ஆக்சுவலா", மூச்சு எங்கே முட்டியது, பெயரை எவ்வளவு வேகமாக விழுங்கினோம் என்பதெல்லாம் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. பிறகு அதே அழைப்பை, அதே முதலாளிக்கு, அப்போதே மறுபடியும் செய்ய வேண்டும். மற்ற இடங்களில் குறையைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். சொன்னது காதில் ஈரமாக இருக்கும்போதே வாய் அதைச் செய்து பார்த்தால்தான் நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம். இந்த ஒரு பழக்கத்துக்காகவே இவர்களுக்குக் காசு கொடுக்கலாம்.

பலன் அடுத்த வாரமே தெரிந்தது. அதே இளையவள் பல்லடத்தில் ஒரு தறிக்கூடத்தைக் கூப்பிட்டாள். வாட்ச்மேன் எடுத்தார். முதலாளியைக் கேட்காமல், "அண்ணா, கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் எந்த ஷிப்டில் இருப்பார்?" என்று நிதானமாகக் கேட்டாள். மாலையில் ஃபிட்டரே லைனில் வந்தார். "உங்கள் மிஷினில் ஹவர் மீட்டர் இப்போது எத்தனை காட்டுகிறது?" என்றாள். மிஷின் இதுவரை ஓடிய மணிநேரத்தைக் காட்டும் அந்த மீட்டரை அவர் நடந்துபோய்ப் பார்த்துச் சொன்னார். ஆயில் ஃபில்டரும் செப்பரேட்டரும் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்ற பேச்சு அதிலிருந்து தானாகவே வந்தது. பதில் சொல்ல எளிதான, தொழிலுக்குள்ளிருந்து வரும் ஒரு கேள்வி பத்துப் புகழுரைகளைவிட நெடுநேரம் ஆளை லைனில் வைத்திருக்கும்.

குறைகளும் உண்டு. கையில் கொடுக்கும் அச்சிட்ட ஸ்கிரிப்ட் படுமோசம். "தங்களின் பொன்னான நேரத்தில் இரண்டு நிமிடங்கள் ஒதுக்க இயலுமா" என்று தொடங்கினால் எந்த ஃபோர்மேன் கேட்பார்? நான் என் குழுவிடம் அதை மடித்து வைத்துவிடச் சொன்னேன். அதேபோல, "இப்போது பேசலாமா என்று ஒருபோதும் கேட்காதீர்கள், இல்லை என்று சொல்ல வழி கொடுத்ததாகிவிடும்" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. எதிர்முனையில் இருப்பவர் ஓடும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கலாம். அவரிடம் கேட்டுக்கொண்டு பேசுவது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

எந்த நேரத்தில் கூப்பிடுவது என்பதைப் போகிறபோக்கில் தொட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் இதற்கு மின்வாரியத்தின் மாதாந்திர மின்தடை அறிவிப்பே போதும். எந்தப் பகுதியில் மறுநாள் பராமரிப்புக்காக மின்சாரம் நிற்கிறதோ, அங்கே மிஷின் எப்படியும் ஓடாது; முந்தைய நாள் கூப்பிட்டால் சர்வீஸுக்கு நாள் குறிப்பது சுலபம்.

பெரிய குறை, சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாதது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி, விளம்பர அழைப்பு செய்பவர்கள் முறையாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கென்று 140-இல் தொடங்கும் எண் வரிசை இருக்கிறது. விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்திருப்பவரைச் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து கூப்பிட்டால், அவர் 1909-க்குப் புகார் செய்யலாம். இணைப்பே துண்டிக்கப்படும் வரை அது போகும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் தங்கள் சொந்த சிம்மிலிருந்து கூப்பிடுவதை நான் எத்தனையோ அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். இதைச் சொல்லிக்கொடுக்காமல் சான்றிதழ் கொடுப்பது பொறுப்பான செயல் அல்ல. வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளரிடம் நேரிலேயே சொன்னேன். குறித்துக்கொண்டார்.

வகுப்பில் ஆள் சேரச் சேர, பக்கத்து அறை முதலாளியிடம் பேச ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது. ஆகவே சிறிய பேட்ச் எப்போது என்று விசாரித்துச் சேருங்கள். ஏற்கெனவே நன்றாகப் பேசும் மூத்த விற்பனையாளர்களுக்கு இது தேவையில்லை. போனை எடுக்கவே கை நடுங்கும் புதியவர்களுக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். போகும்போது உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் வகைகளையும், அவர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுப்புகளையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவர்களாகக் கேட்பதில்லை, கொடுத்தால் அதை வைத்தே பயிற்சி தருகிறார்கள்.