"எல்லா ரோட்டுக்கும் ஒரே போர்டுதான்" என்று சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள்

பட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்கேட்போர்டில் போகிற விளையாட்டுக்குச் சாமான் வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். என் சித்தப்பா மகனுக்கு இடது மணிக்கட்டு உடைந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தான். 16,500 ரூபாய் பணமும் போனது. பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம். பத்தொன்பது வயதுப் பையன் கடைக்காரர் சொன்னதை நம்பி ஏறினான், நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அதை என்னால் மறக்க முடியவில்லை.

எங்களுக்குக் காரைக்குடிப் பக்கம். ஆடி பிறந்துவிட்டால் மேல்காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். கண்மாயில் பொட்டுத் தண்ணீர் இருக்காது. கரண்டு கம்பி, மரம் எதுவும் குறுக்கே இல்லாத வெட்டவெளி. ராமேசுவரம் பக்கம் கடலில் கைட் சர்ஃபிங் செய்கிறவர்களைப் பார்த்துவிட்டு வந்த தம்பி, "அண்ணே, நம்ம கண்மாய்ல இத செஞ்சா என்ன?" என்று கேட்டான். தப்பான யோசனை இல்லை. தரையில் செய்வதற்கென்றே தனி போர்டு, தனிப் பட்டம் எல்லாம் உலகத்தில் இருக்கிறது. எங்களுக்குத்தான் அப்போது தெரியாது.

மதுரையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. போர்டும் பட்டமும் சேர்த்து 'கைட் ஸ்கேட் செட்' என்று வாசலிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். போர்டு 9,800, பட்டம் 4,500. ஸ்டிக்கரில் 'கனடியன் மேப்பிள் 7 பிளை, ஃபுல் அலாய் டிரக், ஏபெக் 11 பேரிங்' என்று போட்டிருந்தது. பிளை என்றால் மர அடுக்கு; டிரக் என்றால் சக்கரத்தைப் பலகையோடு பிணைக்கிற உலோக அச்சு. எங்கே ஓட்டப்போகிறோம் என்பதை மறைக்காமல் சொன்னோம்: காய்ந்த கண்மாய், சரளை, எப்போதாவது தார் ரோடு. "தம்பி, எல்லா ரோட்டுக்கும் ஒரே போர்டுதான். எவ்வளவு காத்து அடிச்சாலும் இந்தக் கைட் தாங்கும்" என்றார் கடைக்காரர். கடையின் கிரானைட் தரையில் உருட்டிக் காட்டினார். வழுக்கிக்கொண்டு போனது.

வீட்டிலும் அப்படித்தான் போனது. அப்பத்தா வீட்டுப் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் பாவியிருக்கும். ஒரு தள்ளு தள்ளினால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சத்தமில்லாமல் போய் நின்றது. அந்தத் தரையில் எந்தச் சக்கரமும் ஓடும் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் கண்மாயில் பத்தடி கூடப் போகவில்லை. களிமண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும் இல்லையா, முதல் வெடிப்பிலேயே முன்சக்கரம் இறங்கி நின்றுவிட்டது. போர்டு நின்றாலும் பட்டம் நிற்காது, ஆளை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். தம்பி முகம் குப்புற விழுந்தான். ஹெல்மெட் இருந்ததால் அன்றைக்குச் சிராய்ப்போடு போனது. அந்தச் சக்கரம் 52 மில்லிமீட்டர்; நகத்தால் அழுத்தினால் தடம் கூட விழாத கெட்டி. வழுவழுப்பான சிமெண்டுத் தரையில் வித்தை காட்டுவதற்கான சக்கரம் அது.

திரும்பக் கடைக்குப் போனோம். அங்கேதான் பெரிய தப்பு நடந்தது. "வீல் மட்டும் மாத்திக்குங்க, சரியாயிடும்" என்று இன்னும் 2,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, அதே டிரக்கில் 70 மில்லிமீட்டர் மெத்துச் சக்கரத்தை மாட்டிக் கொடுத்தார். டிரக்குக்கும் பலகைக்கும் நடுவில் ரைசர் என்று ஒரு கட்டை வைத்து உயர்த்த வேண்டும். அதை அவர் வைக்கவில்லை. வைக்காவிட்டால், உடம்பைச் சாய்த்துத் திரும்பும்போது சக்கரம் பலகையின் அடியில் உரசி அப்படியே பிடித்துக்கொள்ளும். ஸ்கேட்போர்டு ஓட்டுகிறவர்கள் இதை வீல்பைட் என்பார்கள். சாதாரணமாக ஓட்டும்போதே ஆளைத் தூக்கி எறியும். பட்டம் பக்கவாட்டில் இழுக்கும்போது, இழுப்பைத் தாங்க எதிர்ப்பக்கம் சாய்ந்துகொண்டேதான் நிற்க வேண்டும். அப்படியென்றால் உரசல் நிச்சயம். சாமான் விற்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த முறை கண்மாய் வேண்டாம் என்று, வண்டி வராத ஒரு தார் ரோட்டில் ஓட்டினான். நூறு மீட்டர் அருமையாகப் போனான், நான் வீடியோ கூட எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று காற்று கூடியது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுப்பு நான்கு மடங்காகும். பத்து கிலோமீட்டர் காற்றில் கைக்கு அடங்கிய பட்டம் இருபதில் ஆளையே கிளப்பப் பார்க்கும். பின்னால் சாய்ந்தான், சக்கரம் பிடித்துக்கொண்டது, தூக்கி எறிந்தது. விட்டுவிடலாம் என்றால் பட்டத்தின் கயிறு மணிக்கட்டில் சுருக்குப் பட்டையாக மாட்டியிருந்தது. இழுக்க இழுக்க இறுகுகிற பட்டை. நாலைந்து மீட்டர் தரையோடு இழுத்துக்கொண்டு போனது. நான் ஓடிப்போய்க் கத்தியால் பட்டையை அறுத்தேன்.

பிறகு எங்கள் தெரு டூவீலர் மெக்கானிக் அண்ணனிடம் போர்டைக் கொண்டுபோய்ப் போட்டேன். திருப்பிப் போட்டதும் பலகையின் அடியில் இரண்டு பிறை வடிவத் தேய்மானம், கருகின மாதிரி. அதைத்தான் முதலில் காட்டினார். அப்புறம் டிரக்கில் அரத்தை நாலு இழுப்பு இழுத்தார். வெள்ளிப் பெயிண்டுக்குக் கீழே கறுப்பு பிளாஸ்டிக். பலகையின் ஓரத்தை எண்ணினால் ஐந்து அடுக்குதான், நடுவில் தக்கை மாதிரி லேசான வெள்ளை மரம். பேரிங்கை வெர்னியரில் அளந்தார்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். "இது சாதா 608 பேரிங்குப்பா, எந்த பேரிங் கடையிலயும் கிடைக்கும்" என்றார். ஏபெக் அளவுகோலில் 1, 3, 5, 7, 9 என்றுதான் உண்டு. 11 என்று ஒன்று கிடையவே கிடையாது. பேரிங் எவ்வளவு துல்லியமாகக் கடைந்தது என்று காட்டுகிற எண் அது, அவ்வளவுதான். நாள் முழுக்க மண்ணில் ஓடுமா என்பதை அது சொல்லாது.

இனி வாங்குகிறவர்களுக்கு. முதலில் தரையைத் தீர்மானியுங்கள். கண்மாய், செம்மண், புல் என்றால் மவுண்டன்போர்டு ஒன்றுதான் வழி: 8 அல்லது 9 இஞ்ச் காற்றடைத்த டயர், பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் பைண்டிங், நீளமான பலகை. விலை அதிகம், உண்மை. கருவேல முள் டியூபை ஒரே நாளில் பதம் பார்த்துவிடும், சைக்கிள் கடையில் கிடைக்கும் பஞ்சர் சீலண்ட்டை முன்கூட்டியே ஊற்றிக்கொள்ளுங்கள். நல்ல தார் அல்லது சிமெண்டுத் தரை மட்டும்தான் என்றால் லாங்போர்டு போதும். சக்கரம் 70 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 78ஏ (சக்கரத்தின் கெட்டித்தன்மையைக் காட்டும் எண்) மாதிரி மெத்தென்று, சக்கரம் பலகையில் படாத அமைப்போடு. கடையிலேயே பலகையின் ஓரத்தில் ஏறி நின்று முழுக்கச் சாய்த்துப் பாருங்கள். உரசினால் வைத்துவிட்டு வாருங்கள்.

பட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கையை விட்டால் என்ன ஆகும்?" தரையில் ஓட்டுவதற்கான பவர் கைட்டில், கைப்பிடியை விட்டதும் காற்றைக் கொட்டிவிட்டுப் பட்டம் செத்து விழ வேண்டும். உங்களோடு மாட்டியிருக்கும் எதையும் ஒரே இழுப்பில் கழற்ற முடிய வேண்டும். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். முதலில் போர்டே இல்லாமல் இரண்டு, இரண்டரை சதுர மீட்டர் பட்டத்தை நின்றபடி பழகுங்கள். கரண்டு கம்பி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் விரிக்கவே விரிக்காதீர்கள்.

கடையில் பில்லைக் காட்டியபோது, கீழே அச்சடித்திருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியைத்தான் காட்டினார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடவில்லை என்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்தேன். மதுரையில் வாங்கினாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், எங்களுக்கு அது சிவகங்கை. பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பில், ஸ்டிக்கரின் போட்டோ, உடைந்த பாகம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கோபத்தில் அந்தப் போர்டை அடுப்பில் போடப் போன சித்தியைத் தடுத்ததும் இதற்காகத்தான்.

தம்பிக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. மணிக்கட்டு இன்னும் முழுசாக மடங்கவில்லை, பயிற்சி செய்துகொண்டிருக்கிறான். போன வாரம் மதுரைக்குப் போன சித்தப்பா அந்தக் கடை வழியாகத்தான் வந்தார். அதே செட், அதே ஸ்டிக்கரோடு இன்னும் வாசலில் தொங்குகிறதாம்.