வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடு) சமையலறையில் கையால் செய்த கார்பன் ஸ்டீல் கத்தி: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கார்பன் ஸ்டீலில் கத்தி செய்யப் போகிறேன் என்றால் சிங்கப்பூரில் முதலில் வரும் கேள்வி, "இந்த ஊர் ஈரத்துக்குத் துருப்பிடிக்காதா?" என்பதுதான். பிடிக்கும். ஆனால் மூன்று ஆண்டு தினசரிச் சமையலுக்குப் பிறகு சொல்வதானால், கத்தியின் ஆயுளைத் தீர்மானிப்பது அலகு இல்லை, பிடி. வெளியே தெரியும் துருவைத் துடைத்துவிடலாம். மரப்பிடிக்கும் இரும்புக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல் பிடிக்கும் துருதான் கத்தியைக் கெடுக்கிறது.

கத்தி இதுதான்: ஓ-1 வகை டூல் ஸ்டீல், 2.5 மி.மீ. தகடு. அலகு 170 மி.மீ. நீளம், பிடியை ஒட்டிய குதிகால் பக்கம் 48 மி.மீ. உயரம். பிடிக்குள் முழு அகலத்துக்கும் ஓடும் வால், இரு பக்கமும் தேக்குக் கட்டை, 5 மி.மீ. பித்தளை ஆணி இரண்டு. மின்கருவி எதுவும் இல்லாமல், அரமும் உப்புத்தாளும் வைத்தே செய்யக்கூடிய கத்தி. அடுக்குமாடி வீட்டுக்கு அதுதான் ஒத்துவரும். பெல்ட் கிரைண்டரின் சத்தமும் தீப்பொறியும் அடுத்த வீட்டுக்கும் பிரச்சினை, நம் வீட்டுக்கும் பிரச்சினை. வெளி நடைபாதையில் மேசை போடும் எண்ணம் வேண்டாம். அது தீ விபத்தில் ஆள் தப்பிக்கும் வழி.

பதப்படுத்தாத, அதாவது சூடேற்றிக் கடினமாக்காத, ஓ-1 தகட்டை 12 அங்குல அரம் நன்றாகவே தின்னும். அரத்தின் பல்லில் சாக்பீஸ் தேய்த்துவிட்டு ராவினால் இரும்புத்தூள் பல்லுக்குள் அடைந்து ஆழமான கீறல் போடாது. தகட்டை நேராக வைஸில் பிடித்தால் கிறீச்சென்று அலறும். அடியில் மரப்பலகை கொடுத்து, வேலை செய்யும் இடத்துக்கு ஒட்டியே கிளாம்ப் போட்டால் சத்தம் பாதிக்குமேல் அடங்கும். தூளை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். ஒரு ராத்திரி விட்டால் வெள்ளை டைல்ஸில் பழுப்புப் புள்ளி விழுந்து ஊறிவிடும். காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தரையில் இழுத்து, பையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பினால் தூள் அப்படியே வந்துவிடும்.

சாய்வை ராவும்போது வாயை (வெட்டும் விளிம்பை) 0.8 மி.மீ. தடிமனுக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. அதைவிட மெலிந்தால் எண்ணெயில் தோய்க்கும்போது அலைபோல நெளியும். பதப்படுத்தும் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஓ-1 ஸ்டீலை 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றிச் சூடான எண்ணெயில் இறக்க வேண்டும்; அந்த எண்ணெய் தீப்பிடிக்கும். பதப்படுத்தும் பட்டறையில் கொடுத்து, 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை சூட்டில் வைத்தெடுத்து, கடினம் ராக்வெல் சி அளவில் 60 முதல் 61 வரை வேண்டும் என்று எழுதியே கொடுக்கலாம். வாய் தீட்டாத நிலையில், துணியும் அட்டையும் சுற்றி, பட்டறைச் சீட்டோடு எடுத்துப்போவது நல்லது. தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது இங்கே குற்றம்.

திரும்பி வந்த கத்தியை அரம் கடிக்காது, வழுக்கும். அப்படி வழுக்கினால் பதம் சரியாக ஏறியிருக்கிறது. மீதியை 140 கிரிட் (எண் கூடக் கூட நயம்) வைரத் தகட்டில் தேய்த்து, வாய்க்குச் சற்று மேலே தடிமன் 0.3 மி.மீ. வரும்வரை இறக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை. ஆனால் கையால் தேய்ப்பதில் சூடேறிப் பதம் இறங்கிவிடும் பயம் இல்லை.

முதல் மாதத்தில் கூர் சீக்கிரம் மழுங்கினால் மனம் தளர வேண்டாம். உலைச் சூட்டில் மேல்தோலில் இருக்கும் கார்பன் கொஞ்சம் எரிந்துபோயிருக்கும். நாலைந்து முறை தீட்டி அந்தத் தோல் கழிந்த பிறகுதான் உண்மையான ஸ்டீல் வாயில் நிற்கும். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை தோல்பட்டையில் தீட்டல், ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை பக்கத்துக்கு 15 டிகிரி சாய்வில் 1000 கிரிட் கல்லும் 3000 கிரிட் கல்லும் போதும். எலும்பு, நண்டு, உறைந்த கறி இவற்றில் வைத்தால் வாய் சில்லு பெயரும். அதற்கெல்லாம் வெட்டுக்கத்தி இருக்கிறது.

துருவைப் பற்றி. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத நாளில் பிற்பகல் 60 வரை இறங்கும். எலுமிச்சை நறுக்கிவிட்டுச் சோறு சாப்பிட்டு வருவதற்குள் செம்புள்ளி தெரியும். கழுவி, துடைத்து, காந்தப் பட்டையில் காற்றாட மாட்டிவிட்டால் புள்ளி வராது. துளை போட்ட மரக் கத்திப்பெட்டி இந்த ஊருக்கு ஆகாது. உள்ளே ஈரம் தங்கும். முதல் நாளே சூடான வினிகரில் 10 நிமிடம் வைத்தெடுத்தால் சாம்பல் நிறப் படலம் படியும். அதன்மேல் வாழைக்காயும் வாழைப்பூவும் நறுக்க நறுக்கக் கருநீலம் ஏறும், அந்தக் கறை துரு இல்லை. படலம் ஏறாத புதுக் கத்தியில் வெங்காயம் கறுக்கும், இரும்பு வாடையும் வரும். இரண்டு மூன்று வாரத்தில் இரண்டும் நிற்கும். புளி மட்டும் தனி ரகம். குத்துவிளக்கைத் துலக்குவது போலவே பிடியில் இருக்கும் பித்தளை ஆணியைப் பளிச்சென்று ஆக்கும், பக்கத்திலேயே படலத்தைத் தின்று திட்டுத்திட்டாக்கும். புளித்தண்ணீர் பட்டால் உடனே கழுவ வேண்டும்.

எண்ணெய் பூச நல்லெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துப் பிசினாகிவிடும். தேங்காயெண்ணெய் இங்கே எப்போதும் இளகியே இருப்பதால் மெல்லியதாகப் பரவும். வாரக்கணக்கில் எடுத்துவைப்பதானால் உணவுக்கு ஆகும் மினரல் ஆயில்தான் சரி.

இனி பிடி. தேக்கு 130 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனம். குளிரூட்டிய அறையில் வைத்திருந்த மரத்தின் ஈரம் 10, 11 விழுக்காடு இருக்கும். அதே மரம் திறந்த சமையலறையில் 15, 16 வரை ஏறும். இந்த ஐந்து விழுக்காட்டில் 30 மி.மீ. அகலத் தேக்கு சுமார் 0.3 மி.மீ. விரியும். அளவு சிறியதுதான், ஆனால் விரல் அதைப் படியாக உணரும். ஒட்டுக்கோட்டில் அது தினமும் இழுக்கும். இதற்கு இரண்டு மருந்து. கட்டையை ஒட்டுவதற்கு முன் மூன்று வாரம் கத்தி இருக்கப்போகும் சமையலறையிலேயே கிடத்துவது ஒன்று. வருடவளையங்கள் அகலத்துக்குக் குறுக்காக நிற்கும்படி அறுத்த கட்டையைத் தேர்ந்தெடுப்பது இன்னொன்று. அதில் விரிவு ஏறக்குறையப் பாதியாகும்.

ஒட்டு விட்டுப்போவதற்கு அடுத்த காரணம் தேக்கின் சொந்த எண்ணெய். ஒட்டும் முகத்தை 80 கிரிட் உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் உடனே ஒட்ட வேண்டும். தாமதித்தால் எண்ணெய் மறுபடி மேலே வரும். வாலையும் அதேபோலச் சொரசொரப்பாக்கி, ஆணித்துளை தவிர 6 மி.மீ. துளை ஐந்தாறு போட்டிருக்க வேண்டும் (பதப்படுத்துவதற்கு முன்பே, பிறகு துரப்பணம் ஏறாது). துளைக்குள் போகும் எப்பாக்ஸி (பிசினும் கடினமாக்கியும் கலந்து பூசும் பசை) இரு கட்டையையும் தூண்போல இணைக்கும். ஐந்து நிமிட எப்பாக்ஸி இந்த வேலைக்கு ஆகாது, 24 மணி நேர வகைதான். எடை பார்த்து 12 கிராம் கலந்தால் தாராளம். கலந்து பூசியதும் மூட வேண்டும். ஈரக்காற்றில் திறந்து கிடந்தால் கடினமாக்கியில் உள்ள அமைன் என்ற வேதிப்பொருள் வினைபுரிந்து மேலே மெழுகுபோல ஒரு படலம் கட்டும், அதன்மேல் எதுவும் ஒட்டாது. கிளாம்பை இறுக்கி நசுக்குவதும் தவறு. பசையெல்லாம் வெளியே வழிந்து நடுவில் வறண்ட ஒட்டு மிஞ்சும், தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான்.

கட்டையின் முன்முகத்தை ஒட்டுவதற்கு முன்பே 400 கிரிட் வரை தேய்த்து முடித்துவிட வேண்டும். பிறகு கீறாமல் அங்கே கை போகாது. மெருகுக்கு ஆளி விதை எண்ணெய் இங்கே மெதுவாகக் காயும், கரும்பூஞ்சை பிடிக்கும். துடைத்த துணி சுருட்டிக் கிடந்தால் தானே தீப்பற்றவும் கூடும். டங் எண்ணெய் ஐந்து பூச்சு, நடுவில் ஒவ்வொரு நாள் இடைவெளி, இதுவரை நிற்கிறது.

வெல்டிங் செய்து பிடிக்கு முன்காப்பு (பிடியும் அலகும் சேரும் இடத்தில் வரும் உலோகத் துண்டு) வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வீட்டு 13 ஆம்பியர் பிளக்கிலேயே இன்வர்டர் வெல்டிங் மெஷின் ஓடும். ஆனால் புகையும் பொறியும் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடுக்குமாடி வீட்டுக்கு உரியவை அல்ல. அதைப் பட்டறையில், சொல்லிக்கொடுப்பவரிடம் கற்பதே சரி.

வீட்டில் பலர் கை மாறிச் சமைக்கும் இடமானால் ஓ-1 வேண்டாம், 13 விழுக்காடு குரோமியம் உள்ள ஏஇபி-எல் என்ற துருப்பிடிக்கா ஸ்டீல் வாங்கலாம். பதப்படுத்த 1070 டிகிரி அளவுக்குப் போக வேண்டும், பட்டறைச் செலவு கூடும். ஆனால் பிடிக்குள் துரு என்ற பேச்சுக்கு அநேகமாக இடமிருக்காது.

ஓ-1 கத்தியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிடியை நகத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியான ஒலி வந்தால் நலம். பொள்ளலாகக் கேட்டாலோ, ஒட்டுக்கோட்டில் பழுப்பு கசிந்தாலோ, ஆணியைத் துளைத்தெடுத்து, ஹீட் கன்னால் பிடியைச் சூடாக்கினால் எப்பாக்ஸி இளகிக் கட்டை கழன்றுவிடும். துரு கறுப்பாக, பள்ளம் விழாமல் இருந்தால் தேய்த்துவிட்டு அதே துளைகளில் புதுக்கட்டை போடலாம். ஆணித்துளையைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தால் அந்த வாலை நம்பக் கூடாது.