வில்லியம்ஸா, பெர்க்லியா? கணினி அறிவியல் படிக்க எது?

அமெரிக்காவில் வில்லியம்ஸ் போன்ற சிறிய ‘லிபரல் ஆர்ட்ஸ்’ கல்லூரிக்கும் (கலை, அறிவியல் இரண்டையும் கற்பிக்கும் இளங்கலைக் கல்லூரி) கலிஃபோர்னியாவின் பெர்க்லி போன்ற பெரிய பல்கலைக்கழகத்துக்கும் இடையே தவிப்பவர்களுக்காக இந்த ஒப்பீடு.

வகுப்பு
பெர்க்லி: முதல் பாடமான சிஎஸ் 61ஏ-இல் சில பருவங்களில் ஆயிரம் பேரைத் தாண்டும். சந்தேகம் தீர்ப்பது பெரும்பாலும் மூத்த மாணவர்கள்தான்.
வில்லியம்ஸ்: கல்லூரி முழுவதுமே ஏறத்தாழ 2,000 பேர். ‘டுட்டோரியல்’ வகுப்பில் இரண்டு மாணவர்கள், எதிரே ஒரு பேராசிரியர். படிக்காமல் போனால் ஒளிய இடமில்லை! எனக்கு இதுதான் பெரிய ஈர்ப்பு.

பாடங்கள்
பெர்க்லி: கடல்.
வில்லியம்ஸ்: விருப்பப் பாடங்கள் பல ஆண்டுதோறும் நடப்பதில்லை. உண்மையான குறை இது.

ஆய்வு
பெர்க்லி: பெருந்தரவை அலசும் ஸ்பார்க் மென்பொருள், சில்லுகளுக்கான திறந்த கட்டளைத் தொகுப்பான ரிஸ்க்-வி ஆகியவை பிறந்த இடம். ஆனால் முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பின்னால்தான் உங்கள் முறை.
வில்லியம்ஸ்: துறையில் அவர்களே இல்லை, வாய்ப்பு நேராக இளங்கலை மாணவருக்கு.

செலவு
பெர்க்லி: கலிஃபோர்னியாவாசிகளுக்கு மலிவு.
வில்லியம்ஸ்: கட்டணம் மலைக்க வைக்கும். ஆனால் 2022 முதல் நிதியுதவியில் கடன் கிடையாது, முழுக்க மானியம்.

சில்லு வடிவமைப்பு போன்ற நுண்துறையை ஏற்கெனவே தீர்மானித்தவர் பெர்க்லிக்குப் போகலாம். கணினியோடு தத்துவமோ இசையோ படிக்க விரும்புபவருக்கு வில்லியம்ஸ்.