ப்ளோயர் கப்ளர் கருகியது: மூன்று வருட அனுபவம்

2022 ஏப்ரலில் மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். கயத்தாறு தாண்டியதும், முன்னால் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா, "என்னப்பா, ஒயர் கருகுற வாடை வருதே" என்றார். முன்னால் போன லாரியின் பிரேக் வாடை என்று நினைத்துவிட்டேன். அடுத்த வாரம், காருக்குள் காற்றைத் தள்ளும் விசிறியான ப்ளோயரின் 1, 2, 3 வேகங்கள் மூன்றிலும் காற்று நின்றுபோனது. 4-இல் மட்டும் வந்தது.

குறைந்த வேகங்களுக்காக மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பாகம்தான் ரெசிஸ்டர். 4-இல் வைத்தால் மின்சாரம் அதற்குள் போகாமல் நேராக மோட்டாருக்குப் போகும். அதனால் இப்படி ஆனால் பெரும்பாலும் ரெசிஸ்டர் போய்விட்டது என்று அர்த்தம். எலக்ட்ரீஷியன் க்ளவ் பாக்ஸைக் கழற்றிப் புதியதை மாட்டினார். ரெசிஸ்டரில் ஒயர்களைச் செருகும் பழைய கப்ளரின் ஒரு மூலை பழுப்பேறி இருந்தது. "அது ஒண்ணும் பண்ணாது சார்" என்றார், நானும் விட்டுவிட்டேன். ஏழே மாதத்தில் மறுபடியும் அதே பிரச்சினை. இந்த முறை கப்ளர் உருகி ரெசிஸ்டரோடு ஒட்டிக்கொண்டது. இன்னொரு கடையில் கப்ளரையே வெட்டி எறிந்துவிட்டு, ஒயர்களை ரெசிஸ்டரின் உலோகப் பின்னில் முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தார்கள். நம் வெயிலில் டேப்பின் பசை எத்தனை நாள் நிற்கும்? இரண்டே வாரத்தில் நானே பிரித்துவிட்டேன்.

இவ்வளவு நடந்தும் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒருமுறைகூடப் போகவில்லை. என்னை உண்மையில் பயமுறுத்தியது அதுதான். ஃபியூஸ் போக வேண்டுமென்றால் கரண்ட் அதிகமாக வேண்டும். கப்ளருக்குள் பின்னின் பிடி தளர்ந்தால் கரண்ட் அதிகமாகாது, அந்த இடத்தில் சூடுதான் ஏறும். மல்டிமீட்டரை வைத்து, ப்ளோயர் ஓடும்போதே கப்ளரின் இரு பக்கமும் அளந்தேன். 12 ஆம்பியர் ஓடும்போது 0.9 வோல்ட் அங்கேயே விழுந்தது. கிட்டத்தட்ட 11 வாட் சூடு, நகத்தளவுகூட இல்லாத ஒரு பின்னில்! ஒருமுறை சூடேறினால், பின்னைப் பிடித்திருக்கும் டெர்மினல் தன் ஸ்பிரிங் இறுக்கத்தை இழந்துவிடும், அப்புறம் இன்னும் சூடாகும். அதனால்தான் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் திரும்பத் திரும்பக் கருகுகிறது.

இது சின்ன விஷயம் இல்லை. பிரிட்டனில் வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் ஸாஃபிரா பி மாடல் கார்கள் தீப்பிடித்து, 2015-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அங்கேயும் ப்ளோயர் ரெசிஸ்டர்தான் விசாரணையின் மையம். ரெசிஸ்டரில் இருக்கும் தெர்மல் ஃபியூஸைச் சிலர் சால்டர் வைத்து ஒட்டுப்போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். சூடு எல்லை மீறினால் மின்சாரத்தை நிறுத்த அங்கே இருப்பது அது ஒன்றுதான்.

மூன்றாம் முறை நிதானமாகச் செய்தோம். ஒயரோடு சேர்ந்த புதுக் கப்ளர் வாங்கி, பழைய ஒயரைக் கருப்பில்லாத இடம்வரை வெட்டி, க்ரிம்ப் அடித்து (இணைப்பை அழுத்தி இறுக்கி), சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டோம். அதற்கு முன் மோட்டாரையும் கழற்றிப் பார்த்தோம். ஃபில்டர் இல்லாத கார், விசிறிக்குள் வேப்பிலைச் சருகும் தூசியும் அடைந்து கிடந்தன. மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ் காய்ந்து மோட்டார் இறுகிச் சுற்றியதால் 4-இல் 24 ஆம்பியர் இழுத்தது. புது மோட்டார் 17-தான் எடுக்கிறது. கருகலுக்கு மூல காரணமே இந்த மோட்டார்தான் என்பது என் கணிப்பு. கீச்சென்று சத்தம் வந்தபோதே கவனித்திருக்க வேண்டும்.

நம் ஊரில் ஹீட்டரைத் திருப்புபவர்கள் குறைவு என்பதால் இது குளிர் நாட்டுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். ஏசிக் காற்றைத் தள்ளுவதும் இதே ப்ளோயர்தான், இங்கே அதற்கு வருடம் முழுக்க வேலை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை 3-இல் வைத்துக் கால் மணி நேரம் ஓடவிட்டு, கப்ளரைக் கையால் தொட்டுப் பார்க்கிறேன், மீட்டரும் வைக்கிறேன். போன மாதம் பார்த்தபோது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. மீட்டர் 0.06 வோல்ட் காட்டியது.