டி போர்டில் டிசையர் டூர் எஸ் சி.என்.ஜி.: ஓட்டி ஓட்டித் தெரிந்துகொண்டவை

டாக்ஸிக்குச் சின்ன செடான் எடுக்கப் போனால் இன்று டீசல் கேட்டுப் பயனில்லை. 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி அமலானதோடு டிசையர் டீசல் நின்றுபோனது; டொயோட்டா எட்டியோஸ் அடியோடு நின்றது. டீசல் இன்ஜினில் புகைத்தூள் வடிகட்டியும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் அமைப்பும் சேர்ந்தால் கூடும் விலையை இன்னோவா கிரிஸ்டா தாங்கும், நாலு மீட்டர் டாக்ஸி செடான் தாங்காது. மிச்சமிருப்பது மாருதி டாக்ஸிக்கென்றே விற்கும் டிசையரான டூர் எஸ், ஹூண்டாய் ஆரா மாதிரியான சி.என்.ஜி. (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) வண்டிகளும் ஒன்றிரண்டு மின்சார வண்டிகளும்தான். பழைய எட்டியோஸ் டீசலுக்கு இன்னமும் கிராக்கி இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

அந்த நாலு மீட்டரும் வரி விதி போட்ட கோடுதான். 2008-இல் வந்த முதல் டிசையர் அதைத் தாண்டிய நீளம், டிக்கி 440 லிட்டர். வரிச் சலுகைக்காக 2012-இல் 3,995 மி.மீட்டருக்கு வெட்டினார்கள், டிக்கி 316 ஆனது. அடுத்த தலைமுறையில் 378-க்கு ஏறினாலும், அதற்குள் 55 லிட்டர் சிலிண்டரை உட்கார வைத்தால் ஏர்போர்ட் சவாரிக்கு என்ன மிஞ்சும்? ஒரு பெரிய பெட்டி நிமிர்ந்து நிற்காது. எட்டியோஸில் 595 லிட்டர் இருந்தது. குடும்பச் சவாரி அதிகம் என்றால் கேரியர் போட்டே ஆக வேண்டும். மைலேஜ் கொஞ்சம் அடிபடும்.

ஊருக்குள் ஏ.சி. போட்டு ஓட்டினால் ஒரு கிலோ கேஸுக்கு 22 முதல் 26 கி.மீ. எதிர்பார்க்கலாம். தொல்லை கொடுப்பது மைலேஜ் இல்லை, பிரஷர். முழுக்க நிரம்ப 200 பார் வேண்டும். லாரியில் கேஸ் கொண்டுவந்து ஊற்றும் பங்கில் ஸ்டாக் இறங்க இறங்க பிரஷரும் இறங்கும். வரிசையில் கடைசியாக நின்றவருக்கு அரை டேங்க்தான். பைப்லைன் இணைப்புள்ள பங்கைப் பழக்கப்படுத்திக்கொள்வது நல்லது. பங்கின் கம்ப்ரஸர் ஆயில் கேஸோடு வந்து ஃபில்டரில் தேங்கும். வண்டி இழுக்கத் திணறினால் இன்ஜெக்டரைக் குறை சொல்வதற்கு முன் கேஸ் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோல் டேங்க் கால்வாசிக்குக் கீழே போக வேண்டாம். தினமும் சில கிலோமீட்டர் பெட்ரோலிலும் ஓடட்டும்.

வேகக் கட்டுப்பாடு 80-இல் பூட்டியே வருகிறது. நாலுவழிச் சாலையில் பரவாயில்லை. இருவழிச் சாலையில் 70-இல் போகும் லாரியை முந்துவதுதான் சோதனை: முள் 80-ஐத் தொட்டதும் ஆக்சிலரேட்டர் செத்துவிடும், எதிரே வண்டி வந்தால் பின்வாங்குவதைத் தவிர வழியில்லை. இதைத் தூக்கிவிடுகிறேன் என்று சொல்லும் மெக்கானிக் எல்லா ஊரிலும் உண்டு. கையை வைக்காதீர்கள், எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனையிலும் மாட்டும், விபத்து க்ளெய்மிலும் மாட்டும்.

வாங்கும்போது யாரும் விரித்துச் சொல்லாத செலவு இன்சூரன்ஸ். 2022 ஜூனில் வந்த மூன்றாம் நபர் பிரீமியப்படி, 1,197 சிசி சொந்த வண்டிக்கு 3,416 ரூபாய். அதே இன்ஜின் மஞ்சள் போர்டில் ஏறினால் அடிப்படை 7,940, பயணி ஒருவருக்கு 978 வீதம் நாலு பேருக்கு 3,912, ஆக 11,852. ஜி.எஸ்.டி. தனி. ரோட்டில் ஓடும் தூரம் அதிகம் என்ற நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வண்டி ஷெட்டில் நின்றாலும் இது நிற்காது.

எஃப்.சி. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடா வருடம். சிலிண்டர் சோதனையோ மூன்று வருடத்துக்கு ஒருமுறை. இரண்டும் ஒரே தேதியில் வராது, அதனால் மறந்துபோகும். சோதனைத் தேதி தாண்டிய வண்டிக்குப் பங்கில் கேஸ் அடிக்க மாட்டேன் என்பார்கள். சிலிண்டர் சோதனைக்குப் போகும் முன் கேஸை ஓட்டித் தீர்த்துவிடுங்கள். சிலிண்டரைக் கழற்றி மாட்ட ஓரிரு நாள் வண்டி நிற்கும், சவாரி குறைவான வாரமாகப் பார்த்துக் கொடுங்கள். எஃப்.சி.க்கு முன் ஜி.பி.எஸ். சந்தாவையும் பின்சீட் அவசர பட்டனையும் பார்த்துவிடுங்கள். சீட் கவர் போடும்போது அந்த வயரைப் பிடுங்கிவிடுவது வழக்கம்.