பெர்சன்டைல் பெரிய எழுத்தில், உபயோகமான பக்கம் மூலையில்: ஒரு கேட் மாக் டெஸ்ட் அனுபவம்

ஐ.ஐ.எம். போன்ற இடங்களில் எம்.பி.ஏ. சேருவதற்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வுக்கு ஒரு பயிற்சி நிறுவனம் விற்கும் மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) தொகுப்பின் விலையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். "அண்ணா, வாங்கட்டுமா வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லு" என்று சேலத்திலிருந்து சித்தி பையன் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். அதே தொகுப்பை வேலைக்குப் போய்க்கொண்டே இரண்டு சீசன் பயன்படுத்தியவன் நான். ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. அதனால் இது.

எத்தனை டெஸ்ட், எவ்வளவு விலை, ஆப்பில் எழுதலாமா என்பதெல்லாம் அவர்கள் விளம்பரத்திலேயே இருக்கிறது. திரை அசல் தேர்வுத் திரையைப் போலவே இருக்கும். வலது பக்கம் கேள்வி எண்கள், பதில் சொன்னது பச்சை, பார்த்துவிட்டு விட்டது சிவப்பு, திரும்ப வர வேண்டியது ஊதா. தேர்வில் மூன்று பகுதி: ஆங்கிலம், டி.ஐ.எல்.ஆர். எனும் தரவு, தர்க்கப் புதிர்கள், குவான்ட் எனும் கணக்கு. ஒவ்வொன்றிலும் 40 நிமிடம் முடிந்ததும் கேட்காமல் கொள்ளாமல் அடுத்த பகுதிக்குத் தள்ளிவிடும், திரும்பி வர முடியாது. அசலிலும் அப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம்: இவர்கள் தளத்தில் கால்குலேட்டருக்குக் கீபோர்டு வேலை செய்யும். அசல் தேர்வில் கீபோர்டைத் தொடக்கூடாது, எண்களை மவுஸால் ஒவ்வொன்றாகத்தான் அழுத்த வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் டேட்டா நிறைந்த ஒரு செட்டில் மவுஸை வைத்துக்கொண்டு ஏழெட்டு வகுத்தல் போட்டுப் பார்த்தால் அது எவ்வளவு சின்னது என்று தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் கோபமும் என் மகிழ்ச்சியும் ஒரே இடத்தில் இருக்கின்றன: டெஸ்ட் முடிந்து சப்மிட் அழுத்தியவுடன் வரும் பக்கத்தில்.

இரண்டு மணி நேரம் கண் எரிய எழுதிவிட்டு அழுத்துகிறோம். அடுத்த நொடி திரை முழுக்க ஒரே ஒரு எண் வரும். பெர்சன்டைல். அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் நமக்குக் கீழே என்ற கணக்கு. 80க்குக் கீழே போனால் சிவப்பு, மேலே வந்தால் பச்சை. அதற்குக் கீழே 'நண்பர்களுடன் பகிருங்கள்' என்று ஒரு பட்டன். சிவப்பில் 71 வந்ததை எந்த நண்பனுடன் பகிர்வது? அதைத் தாண்டிக் கீழே வந்தால் முதல் பத்து இடம் பிடித்தவர்களின் பட்டியல். அதையும் தாண்டி, ஒரு சின்ன சாம்பல் நிற இணைப்பாக 'விரிவான பகுப்பாய்வு'. பணம் கொடுத்து வாங்கியதில் உருப்படியான ஒரே பொருள் அந்தச் சாம்பல் இணைப்புக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை ஏன் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அந்த எண். அசல் கேட்டில் பெர்சன்டைல் என்பதற்கு ஒரு பொருள் உண்டு. 2024 தேர்வை சுமார் 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். ஒரே நாளில் மூன்று ஸ்லாட் (மூன்று வேளை, மூன்று வினாத்தாள்), ஒன்று கடினமாகவும் ஒன்று எளிதாகவும் இருந்தால் அதைச் சரிக்கட்ட மதிப்பெண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறார்கள், அதற்குப் பிறகுதான் பெர்சன்டைல். சும்மா ஒரு கை பார்ப்போம் என்று வந்தவர், நிறுவனம் பணம் கட்டியதால் வந்தவர், ராத்திரி பகல் படித்தவர் எல்லோரும் அதில் அடக்கம்.

மாக்கில் யார் இருக்கிறார்கள்? பணம் கட்டியவர்கள். அதிலும் ஜூன் மாதம் முதல் டெஸ்ட்டை எழுதுகிறவர்கள் வெறி பிடித்தவர்கள். அவர்களுக்கு நடுவே நீங்கள் சுமாராக எழுதினால் எண் அதல பாதாளத்தில் இருக்கும். அக்டோபரில் கதை வேறு. அலுவலகத்திலிருந்து திறந்து பத்துக் கேள்வி போட்டுவிட்டுப் பாதியில் மூடியவர்களும் கணக்கில் சேர்வார்கள், நமக்கு எண் தானாக ஏறும். வினாத்தாளை நண்பனிடம் பார்த்துவிட்டு எழுதுகிற புண்ணியவான்களும் உண்டு. இதெல்லாம் போக, டெஸ்ட் திறந்த பிறகு யார் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் எண் நிலையாக நிற்காது. ஞாயிற்றுக்கிழமை எழுதியதற்கு அன்று ஒரு எண் வரும், புதன்கிழமை வேறு எண். நான் எழுதியது அதே பேப்பர்தான், அதே மதிப்பெண்தான். ஆனாலும் மதிய இடைவேளையில் போனை எடுத்து அது ஏறியிருக்கிறதா என்று பார்க்க வைத்துவிடுவார்கள். பங்குச் சந்தையில் பணம் போட்டவன் மாதிரி.

டிசம்பரில் வந்த என் அசல் எண் மாக்கில் வந்த எந்த எண்ணோடும் ஒட்டவில்லை. மேலேயா கீழேயா என்று கேட்காதீர்கள். சொன்னால் இந்தக் கட்டுரையே வயிற்றெரிச்சலாகவோ பெருமையாகவோ மாறிவிடும்.

இப்போது, ஏன் அதைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள் என்பது. சிவப்பு எண் வந்த மறுநாள் காலை போன் வரும். "சார், உங்க பர்ஃபார்மன்ஸ் பார்த்தோம். குவான்ட்ல கொஞ்சம் வீக்கா இருக்கீங்க. எங்ககிட்ட பர்சனல் மென்டரிங் பேக்கேஜ் இருக்கு." பச்சை எண் வந்தால் போன் வராது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அந்த எண் மாணவனுக்கான தகவல் இல்லை, விற்பனைக்கான பொறி. எனக்கு வந்த அழைப்புகளில் ஒருவர்கூட எந்தக் கேள்வியில் எவ்வளவு நேரம் செலவழித்தேன் என்று கேட்டதில்லை. அது அவர்கள் தளத்திலேயே, என் பெயரிலேயே இருக்கிறது.

ஆம், அந்தச் சாம்பல் இணைப்பு. அதைத் திறந்தால் ஒரு அட்டவணை. கேள்வி எண், சரியா தவறா, நான் எடுத்துக்கொண்ட நேரம், முதலிடங்களில் வந்தவர்கள் எடுத்த சராசரி நேரம், எத்தனை சதவீதம் பேர் சரியாகப் போட்டார்கள். அவ்வளவுதான், கண்ணைப் பறிக்கும் வரைபடம் எதுவும் இல்லை. இதைப் பார்த்த முதல் நாள் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. படிக்க வேண்டிய பாடப் பட்டியலைத்தான் எல்லோரும் தருகிறார்கள், படித்ததை வைத்துக்கொண்டு நேரத்தை எங்கே தொலைக்கிறோம் என்று இதற்குமுன் யாரும் எனக்குக் காட்டியதில்லை.

குவான்ட் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் 22 கேள்வி, 40 நிமிடம். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடையாது. முக்கோணத்துக்குள் வட்டம் வரைந்த ஒரு ஜியோமெட்ரி கேள்விக்கு நான் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன், விடை தவறு. முதலிடக்காரர்கள் அதற்குச் செலவழித்த சராசரி அரை நிமிடம். அவர்கள் அரை நிமிடத்தில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துத்தான் முதலில் மலைத்தேன். பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தால் சரியாகப் போட்டவர்கள் மிகச் சிலர். அதாவது அவர்களும் போடவில்லை. படித்தார்கள், இது நமக்கு ஆகாது என்று முடிவெடுத்தார்கள், நகர்ந்தார்கள். அதே பேப்பரில் கடைசியில் ஒரு சாதாரண லாப நட்டக் கேள்வி, எழுதியவர்களில் பெரும்பாலோர் சரியாகப் போட்டது. எனக்கு அதில் நேரம் பூஜ்ஜியம். நான் அங்கே போகவே இல்லை. சரியான விடைக்கு 3, விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறுக்குக் கழிவு 1. வட்டத்தில் இழந்த ஒன்றும் லாப நட்டத்தில் வராத மூன்றும் சேர்ந்து நான்கு. நடுவில் கூட்டம் நெருக்கியடிக்கும் இடத்தில் அந்த நான்கு மதிப்பெண் பல்லாயிரம் பேரைத் தாண்ட வைக்கும்.

இந்தத் தேர்வின் சூட்சுமமே இதுதான். சமீப ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதியைக்கூடத் தொடாமல் 99 பெர்சன்டைல் வாங்குகிறார்கள். 2024இல் மொத்தம் 68 கேள்வி, 204 மதிப்பெண். பள்ளிக்கூடத்திலிருந்து முழு விடைத்தாளையும் நிரப்பிவிட்டு வரப் பழகிய நமக்கு, பாதியைத் தொடாமல் விடுவது ஏதோ பாவம் மாதிரி இருக்கும். எதைப் போடுவது என்பதை விட எதை விடுவது என்பதில்தான் நேரம் மிச்சம். அதைக் கண்ணுக்கு நேரே காட்டுவது அந்த நேர அட்டவணை மட்டும்தான்.

டி.ஐ.எல்.ஆர். பகுதியில் இது இன்னும் துல்லியம். அங்கே தனிக் கேள்வி கிடையாது, ஒரே தகவலை ஒட்டிச் சில கேள்விகள் சேர்ந்து செட் செட்டாக வரும். 2024இல் ஐந்து செட். ஒரு செட்டுக்குள் நுழைந்தால் அட்டவணை போட்டு, நிபந்தனைகளைப் பொருத்தி, பத்து நிமிடம் கழித்துத்தான் இது வருமா வராதா என்றே தெரியும். வராது என்று தெரிந்த பிறகும் போட்ட பத்து நிமிடத்தை விட மனசு வராது. இங்கே ஒரு பாராட்டு: இவர்கள் ஒவ்வொரு செட்டிலும் முதல் விடையைத் தட்டும் வரை எவ்வளவு நேரம் போனது என்று தனியாகக் காட்டுகிறார்கள். எனக்குப் பொதுவாக அணிகள், போட்டிகள் வரும் செட் சீக்கிரம் திறக்கும், வட்ட மேசையில் ஆட்களை உட்கார வைக்கும் செட் திறக்காது. இது எனக்கே தெரியாது. என்னைக் கேட்டிருந்தால் வட்ட மேசைதான் என் பலம் என்று சொல்லியிருப்பேன்.

ஆங்கிலப் பகுதிக்கு இந்த அட்டவணையால் பெரிய லாபம் இல்லை. அங்கே பிரச்சினை வேறு. நான்கு விடையில் இரண்டைக் கழித்துவிடலாம். மிச்சம் இரண்டில் எது என்பதற்கு இவர்கள் தரும் விளக்கம் பெரும்பாலும் 'இது சற்றுக் குறுகலான கருத்து' என்ற ஒரே வரி. எதை வைத்துக் குறுகல் என்று கேட்க ஆள் இல்லை. கணக்குக்கான தீர்வுகள் நன்றாகவே இருக்கின்றன, சொல்ல வேண்டும்.

அப்புறம் பழைய சரக்கு. 2015 முதல் 2019 வரை தேர்வு மூன்று மணி நேரம், 100 கேள்வி. 2020இல் கொரோனாவை ஒட்டி இரண்டு மணி நேரமாகச் சுருக்கினார்கள், அதுவே நிலைத்துவிட்டது. தொகுப்பின் பிற்பகுதியில் உள்ள சில டெஸ்ட்டுகள் அந்த மூன்று மணி நேரக் காலத்துப் பேப்பரை வெட்டிச் சுருக்கியவை போல இருந்தன. கேள்வி தவறில்லை, ஆனால் நீளம் பொருந்தவில்லை. எண்ணிக்கையை உயர்த்திக் காட்டச் சேர்த்திருப்பார்கள்.

கணக்காகப் பார்த்தால் 5க்கு 4 கொடுக்க வேண்டும். அந்த ஒரு அட்டவணைக்கே முழு விலையும் தகும், பாதி விலையென்றால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் நேற்று மறுபடியும் போன் வந்தது. நான் தேர்வெழுதி, முடித்து, அந்தப் பக்கமே மறந்துபோன பிறகு. "சார், இந்த வருஷம் கேட் எழுதறீங்களா? உங்க பழைய ஸ்கோர் பார்த்தோம்." அந்தச் சிவப்பு எண்ணை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஆகவே தம்பிக்கு என் பதில்: வாங்காதே. தேர்வுக்குச் சில வாரம் முன்பு அதிகாரபூர்வ தளத்திலேயே மாதிரித் தேர்வு இலவசமாக வரும், கால்குலேட்டர் உட்பட அசல் மாதிரியே இருக்கும். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. கேள்விக்குக் கேள்வி போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டி ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால் அட்டவணை நீயே போடலாம். முதலிடக்காரர்களின் நேரம் மட்டும் கிடைக்காது.

அவனைத் தெரியும், எப்படியும் வாங்கிவிடுவான். வாங்கினால், ஒன்றிரண்டு டெஸ்ட்டையாவது மாலை 4:30க்கு எழுது, மூன்றாவது ஸ்லாட் விழுந்தால் அந்த நேரத்துத் தூக்கம் எப்படி என்று தெரியும். சப்மிட் அழுத்தியதும் கண்ணை மூடிக்கொண்டு கீழே இறங்கிச் சாம்பல் இணைப்பைத் திற. பதிவு செய்யும்போது உன் நம்பரையே கொடு. சித்தப்பா நம்பரைக் கொடுத்தாயானால் உன் பெர்சன்டைல் என்னவென்று மறுநாள் காலை அவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள்.