முதியோர் பாதுகாப்பு விசாரணை: உடனே பேசுவதா, வழக்கறிஞரைப் பார்த்த பிறகா?

வீட்டிலுள்ள முதியவர் துன்புறுத்தப்படுகிறார் என்றோ கவனிப்பாரின்றி விடப்பட்டிருக்கிறார் என்றோ புகார் போய், அதிகாரிகள் தொடர்புகொள்ளும்போது, அவரைப் பராமரிக்கும் மகனோ மகளோ மருமகளோ பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். சிலர் மடியில் கனமில்லை என்ற நம்பிக்கையில் அப்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். சிலர் அஞ்சி வாயைத் திறக்க மறுக்கிறார்கள். மிகச் சிலரே முதலில் ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை பெற்றுவிட்டுப் பேசுகிறார்கள். இம்மூன்றில் எது தக்கது என்பது, கேட்பவர் யார், கேட்கப்படுவது என்ன என்ற இரண்டையும் பொறுத்தது.

சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அதே ஆண்டு டிசம்பரில் நடப்புக்கு வந்த எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்கள் சட்டம், உடல்நலிவாலோ மனநலிவாலோ தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத, 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானது. அதன்படி சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் அதிகாரிகள் தேவைப்பட்டால் வீட்டுக்குள் வந்து முதியவரின் நிலையை மதிப்பிடலாம். ஆபத்து மிகுந்திருந்தால் அவரைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம். இவர்களின் முதல் அக்கறை முதியவர் நலமாக இருக்கிறாரா என்பதே. காவல்துறையின் அக்கறையோ குற்றம் நடந்ததா, செய்தவர் யார் என்பது. மனத்திறன் இழந்தால் தம் சார்பில் செயல்பட ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும், எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரத்தின்கீழ் பெற்றோரின் பணத்தை நிர்வகிப்பவர் மீது புகார் எழுந்தால், பொதுக் காப்பாளர் அலுவலகமும் கேள்வி கேட்கலாம். மூன்று தரப்பினரும் மரியாதையாகவே பேசுவார்கள் என்பதால், இந்த வேறுபாடு பலருக்குப் புலப்படுவதில்லை.

உடனே பேசுவதில் உண்மையான நன்மை உண்டு. பகல்நேரப் பராமரிப்பு நிலைய ஊழியர் ஒருவர் தந்தையின் முன்கையில் கன்றிப்போன ஊதா நிறத் திட்டைக் கண்டு தெரிவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தந்தை இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை உட்கொள்பவர் என்றால், கட்டிலின் ஓரத்தில் கை பட்டால்கூட அப்படிக் கன்றும். மாத்திரைப் பையையும் பலதுறை மருந்தகத்தின் சந்திப்பு அட்டையையும் மகள் எடுத்துக் காட்டினால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். இரவு உறக்கமின்றித் தவிக்கும் அந்த மகளுக்குப் பராமரிப்பு உதவியும் கிடைக்க வழி பிறக்கும். கேள்வி பராமரிப்பின் தரத்தைப் பற்றியதாக மட்டும் இருக்கும்வரை இவ்வழியே சிறந்தது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். வழக்கறிஞர் வரும்வரை கதவைத் திறக்கமாட்டேன் என்று அதிகாரியை நிறுத்திவைப்பது, உள்ளே படுத்திருப்பவருக்கும் நல்லதன்று, நிற்பவரின் சந்தேகத்தையும் வளர்க்கும்.

முற்றிலும் வாய்மூடி இருப்பது மூன்றிலும் பலவீனமானது. காவல்துறை விசாரணையில் ஒருவர் தமக்குத் தெரிந்ததை உண்மையாகச் சொல்லக் கடமைப்பட்டவர். தம்மைக் குற்றச்சாட்டுக்கு ஆளாக்கக்கூடியதை மட்டும் சொல்லாமல் விடலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் அனுமதிக்கிறது. இதை எந்தக் கேள்விக்கும் பதில் தேவையில்லை என்று புரிந்துகொள்வது தவறு. குற்றம் சாட்டப்பட்ட பின் தமது தற்காப்பை அப்போதே சொல்லாமல் மறைத்தால், அது பிறகு நீதிமன்றத்தில் பாதகமாகவும் முடியலாம்.

எனவே மீதமுள்ள வழியை, அதாவது முன்கூட்டியே ஆலோசனை பெறுவதை, எப்போது தேர்வது என்பதே முக்கியமான கேள்வி. பணமும் கடுமையான காயமும் இதற்குரிய இரண்டு இடங்கள். தாயின் ஏடிஎம் அட்டை மகனிடம் இருக்கிறது. மாதந்தோறும் எடுத்த பணத்தில் டயப்பருக்கு எவ்வளவு, பணிப்பெண் சம்பளத்துக்கு எவ்வளவு, வீட்டுச் செலவுக்கு எவ்வளவு என்று கணக்கு எழுதப்படவில்லை. நம் வீடுகளில் இது வெகு சாதாரணம். ஆனால் “அம்மா பணத்தை நான்தான் எடுத்துச் செலவழிப்பேன்” என்று மகன் இயல்பாகச் சொல்லும் ஒரு வாக்கியம் எழுத்தில் ஏறும்போது, நம்பிக்கை மோசடியை ஒப்புக்கொண்டதுபோல் தோன்றக்கூடும். தண்டனைச் சட்டத்தில் 2020 தொடக்கத்திலிருந்து நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, எளிதில் பாதிக்கப்படக்கூடியவருக்கு எதிரான குற்றங்களுக்கு உச்சத் தண்டனையை இருமடங்குவரை உயர்த்தலாம் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

இங்கே பலர் அறியாத ஒரு நடைமுறை உண்டு. காவல்துறை வாக்குமூலம் பதிவு செய்யும்போது வழக்கறிஞர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது சிங்கப்பூரில் வழக்கமில்லை. கைதானவர் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தருகிறது என்றாலும், நியாயமான கால அவகாசத்துக்குள் அது கிடைத்தால் போதும் என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு. ஆகவே ஆலோசனைக்கு உண்மையில் பயன் தரும் நேரம், அழைப்பு வந்ததற்கும் அறைக்குள் நுழைவதற்கும் இடைப்பட்ட அந்தச் சிறு இடைவெளிதான். வழக்கறிஞரிடம் சொல்வது இரகசியமாகக் காக்கப்படும். அதிகாரியிடம் சொல்வது பதிவாகும். வாக்குமூலம் வாசித்துக் காட்டப்படும்போது, ஆங்கிலம் நன்கு தெரியாதவர் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டு, தவறிருந்தால் திருத்திய பிறகே கையெழுத்திட வேண்டும்.

செலவை எண்ணித் தயங்குவோருக்கு இலவசச் சட்ட ஆலோசனை முகாம்கள் இருக்கின்றன. புரோ போனோ எஸ்ஜி அமைப்பும் அவற்றை நடத்துகிறது. நேரம் குறைவு, உடன் வந்து வாதாடமாட்டார்கள். எனினும் எதைக் கையில் கொண்டு போவது, எந்தக் கேள்விக்கு நிதானிப்பது என்று தெரிந்துகொள்ள அது போதும். அரசாங்கத்தின் குற்றவியல் தற்காப்பு உதவி குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கானது என்பதால், விசாரணைக் கட்டத்திலேயே அதை நம்பியிருக்க முடியாது.

வழக்கறிஞரைத் தேர்வதிலும் கவனம் தேவை. தாயின் உயிலையோ எல்பிஏயையோ தயாரித்துக் கொடுத்த வழக்கறிஞரிடமே மகனும் போய் நிற்பது இயல்பாகத் தோன்றலாம். ஆனால் அங்கே தாயின் நலனும் மகனின் நலனும் மோதக்கூடும். அண்ணன் தங்கைக்குள் பணத்தகராறு இருந்தால் இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் பொருந்தமாட்டார். விசாரணையில் பேச வேண்டியவர் முதியவரே என்றால், பிள்ளைகள் ஏற்பாடு செய்த ஆலோசகரன்றி, அவருக்கென்று தனியாக ஒருவர், பிள்ளைகள் அறையில் இல்லாத நேரத்தில், அவருக்குப் புரியும் மொழியில் பேச வேண்டும்.